ஆந்தைக் குரல் போட்டுக் குருவிகளைக் கூப்பிடுகிறவர்களுக்கு

பங்குனி பிறந்தால் போதும், அந்தப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒரே கிளையில் சின்னான், தேன்சிட்டு, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு. எல்லாம் அலகைத் திறந்து ஒரே பக்கம் பார்த்துக் கத்துகின்றன. "சார், செம ஆக்‌ஷன்!" என்று குறிப்பு வேறு. பூவும் பழமும் இல்லாத கிளையில் இத்தனை வகைக் குருவிகள் ஏன் கூடும்? பக்கத்துப் புதரில் ப்ளூடூத் ஸ்பீக்கர், அதில் புள்ளி ஆந்தையின் குரல். ஆந்தை குருவிகளுக்கு எதிரி; அதன் குரல் கேட்டால் கூடிக் கத்தி விரட்டப் பார்க்கும். இந்த வாரம் மட்டும் இப்படிப் பல படங்கள் வந்துவிட்டன. பறவை ஆய்வு என் தொழில் என்பதால் பாராட்டு எதிர்பார்த்து அனுப்புகிறார்கள்.

கண்டித்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கல்லெறிந்தேனா, வலை விரித்தேனா? வெறும் சத்தம்தானே!"

வெறும் சத்தம் இல்லை. நடுராத்திரியில் உங்கள் தெருவில் ஒருவர் "திருடன், திருடன்" என்று கத்தினால் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு ஓடி வருவீர்களா இல்லையா? குருவியும் அப்படித்தான் வருகிறது. ஊதாத் தேன்சிட்டில் அடைகாப்பது பெண் மட்டும்தான். அது கிளம்பினால் முட்டைக்கு வேறு காவல் கிடையாது. சின்னானின் கூடோ திறந்த கிண்ணம். சித்திரை வெயில் நேராக விழுந்தால் முட்டை சூடேறிக் கெட்டுவிடும். "வெயில் காலம்தானே, முட்டை குளிராது" என்று ஒருவர் எனக்கே விளக்கினார்! கத்தி ஓய்ந்த குருவி நேராகக் கூட்டுக்குத்தான் திரும்பும். காக்கையும் வால்காக்கையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

"கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்பது அடுத்த சமாதானம். பழகினால் இன்னும் மோசம். நிஜ ஆந்தை வரும்போது யார் எச்சரிப்பது?

வேட்டைக்காரர்களுக்குக்கூட இதில் வரம்பு உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியோடு வாத்து வேட்டைக்குப் போகிறவர் பதிவுசெய்த குரலைப் போடக் கூடாது என்பது பொது விதி. கேமராவோடு போகும் நமக்கு அந்தக் கட்டுப்பாடாவது வேண்டாமா?

கணக்கெடுப்பில் நாங்களும் குரல் போடுகிறோம்தான். அனுமதி வாங்கி, சில நொடிகள் போட்டு, பதில் வந்ததும் நிறுத்திவிடுவோம். படத்துக்காக மணிக்கணக்கில் ஓடவிடுவது வேறு.

தை முதல் ஆடி வரை ஸ்பீக்கரை வீட்டிலேயே வையுங்கள். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் குரல் கேட்டுப் பழக வேண்டுமா, காதில் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். வாயில் புல்லோ புழுவோ வைத்திருக்கும் குருவியைக் கண்டால் பின்வாங்குங்கள், கூடு பக்கத்தில்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் தவளைவாயன் என்கிற இரவுப் பறவையைத் தேடிப் போகிறவர்களே, தயவுசெய்து அதை மட்டுமாவது விட்டுவிடுங்கள். அது இடுவதே ஒரு முட்டை. பகலெல்லாம் ஆண்தான் அசையாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். உங்கள் வழிகாட்டி பாக்கெட்டிலிருந்து ஸ்பீக்கரை எடுத்தால் "வேண்டாம் அண்ணா, கிடைத்ததைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று நீங்களே சொல்லுங்கள். காசு கொடுப்பவர் சொன்னால் அவர் கேட்பார்.