ஒளிவாடை: வெளிச்சம் பட்ட ஒயினுக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஓசூரில் ஓட்டல் ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், சென்ற மாதம் கிருஷ்ணகிரிக்கு வந்தபோது ஒரு தாளை என்னிடம் நீட்டினான். ஒயினில் வரக்கூடிய குறைகளைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் கொடுத்த தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஏதோ எழுதி வைத்திருந்தான். ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. "மாமா, லைட் ஸ்ட்ரைக் என்பதற்கு என்ன எழுதுவது? வகுப்பில் ஒளித்தாக்குதல் என்றார்கள். கேட்டவர்கள் கண் கூசுவதைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள்" என்றான்.

அவன் கேட்டதும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரிதான் நினைவுக்கு வந்தது. புதுமனை புகுவிழாவுக்கு உறவினர் ஒருவர் இரண்டு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நிறமில்லாத கண்ணாடி பாட்டில். உள்ளே இளம் வைக்கோல் நிறத்தில் ஒயின். பார்க்க அழகாக இருந்ததால் ஒன்றை முன்னறை அலமாரியில் நிறுத்தினோம். நேர் மேலே குழல்விளக்கு. காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயிலும் வந்து தொட்டுவிட்டுப் போகும். மற்றொன்று வந்த அட்டைப்பெட்டியிலேயே, அதே அறையின் மூடிய கீழ்த்தட்டில் கிடந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு எலத்தகிரியிலிருந்து நண்பர் குடும்பம் வந்த அன்று இரண்டையும் திறந்தோம்.

அலமாரி பாட்டிலை ஊற்றியதும், முட்டைக்கோஸ் வேகும் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. அதற்குப் பின்னால் மழையில் நனைந்து காயாத கம்பளியின் நெடி. பெட்டியில் இருந்ததை ஊற்றினால் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் மணந்தன. ஒரே ஒயின், ஒரே ஆண்டு, ஒரே அறை. "பழசாகிவிட்டது போல" என்று சொல்லி முதல் பாட்டிலைத் தொட்டியில் கொட்டினோம். அது பழசாகிக் கெடவில்லை. வெளிச்சத்தில் கெட்டிருந்தது. அதைச் சொல்ல அன்று எங்கள் யாரிடமும் ஒரு சொல் இல்லை.

லைட் ஸ்ட்ரைக் என்பது இதுதான். ஒயினில் ரைபோஃபிளேவின் என்ற சத்து இயல்பாகவே சிறிதளவு இருக்கிறது. வைட்டமின் பி2 என்று மாத்திரை அட்டையில் நாம் படிப்பதும் அதையே. அதன் பெயரின் பின்பாதி, மஞ்சள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போவதும் இதனால்தான். மஞ்சளாகத் தெரியும் பொருள் நீலத்தை உறிஞ்சும். ரைபோஃபிளேவின் 370 நானோமீட்டர் அளவிலுள்ள புற ஊதாக் கதிரையும், 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியையும் பிடித்துக்கொண்டு கிளர்ச்சி அடைகிறது. அந்த நிலையில் அது ஒயினிலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தாக்குகிறது. மெத்தியோனினுக்குள் கந்தகம் இருக்கிறது. அது உடையும்போது மெத்தேன்தயால், டைமெத்தில் டைசல்ஃபைடு முதலான கந்தகச் சேர்மங்கள் பிறக்கின்றன. வெந்த முட்டைக்கோஸிலும் வெங்காயத்திலும் நம் மூக்கைத் தொடுபவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மிக மிகக் குறைந்த அளவு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். கூடவே பழ மணமும் மங்கிப்போகிறது. ஒருமுறை இப்படி ஆன ஒயினை இருட்டில் வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

இதில் சூட்டுக்கு வேலையில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சூடுபட்ட ஒயின் வேறு. அது வேகவைத்த பழம்போல் மணக்கும், தக்கை மேலே பிதுங்கும். நான் சொல்லும் கேடு குளிர்ப்பெட்டிக்குள்ளும் நடக்கும், உள்ளே விளக்கு எரிந்தால் போதும். நிறமற்ற பாட்டில் வெளிச்சத்தின் அருகே சில மணி நேரம் இருந்தாலே மாற்றம் தொடங்கிவிடலாம். கண்ணாடி தடுக்காதா என்று கேட்பார்கள். கேடு செய்யும் கதிர்களை நிறமற்ற கண்ணாடி பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகிறது. பச்சைக் கண்ணாடி ஓரளவு தடுக்கிறது. இருமல் மருந்து பாட்டிலின் பழுப்புக் கண்ணாடிதான் நீலத்தையும் சேர்த்து நன்றாகத் தடுக்கிறது. சிவப்பு ஒயினில் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய துவர்ப்புப் பொருள்கள் நிறையக் கலந்திருப்பதால் அதற்குக் காப்பு உண்டு. வெள்ளை, இளஞ்சிவப்பு, நுரைக்கும் ஒயின் ஆகியவைதான் எளிதில் அடிபடுகின்றன. நிறத்தைக் காட்டி விற்பதற்காக நிறமற்ற பாட்டிலில் அடைக்கப்படுபவையும் பெரும்பாலும் இவைதான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காக 1876இல் லூயி ரோதரே நிறுவனம் உருவாக்கிய கிறிஸ்டல் என்ற ஷாம்பெயின், நிறமற்ற பாட்டிலுக்குப் பேர்போனது. இன்றும் அதை மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் தாளில் சுற்றித்தான் விற்கிறார்கள். அந்தத் தாளை அலங்காரம் என்று பிரித்து எறிந்துவிடக் கூடாது. நீல ஒளியை நிறுத்தும் திரை அது.

சொல்லின் வரலாற்றுக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'கூ த லூமியேர்' என்கிறார்கள். 'கூ' என்றால் சுவை, 'லூமியேர்' என்றால் ஒளி, ஒளியின் சுவை. ஜெர்மானியர்கள் 'லிஷ்ட்கெஷ்மாக்' என்பதும் ஒளிச்சுவை என்றே பொருள்படும். அவர்கள் பாலுக்கும் பீருக்கும்கூட இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலம் மட்டும் 'ஸ்ட்ரைக்' என்று அடியைச் சொல்கிறது. பிரெஞ்சும் ஜெர்மனும் நாக்கில் நிற்பதைப் பெயராக்கின. ஆங்கிலம் நடந்த தாக்குதலைப் பெயராக்கியது. ஒளித்தாக்குதல் என்ற மொழிபெயர்ப்பு அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. சொல்லில் ஒளி இருக்கிறது, தாக்குதல் இருக்கிறது. ஒயினுக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் இல்லை.

ஒளிச்சுவை என்று வைக்கலாமா? தமிழ்க் காதுக்கு அது ஏதோ நல்ல சுவைபோல ஒலிக்கிறது. ஒளிக்கேடு பிழையில்லாத சொல்தான். ஆனால் சாயம் போன சேலைக்கும் மங்கிய புகைப்படத்துக்கும் அதுவே பொருந்தும். ஒளிக்காறல் என்று எழுதிப் பார்த்தேன். காறல் எனக்கு மிகப் பிடித்த சொல். பழைய எண்ணெயில் பொரித்த முறுக்கைத் தின்றால் தொண்டையில் ஏறிக் கரகரப்பது காறல். ஆனால் அது கொழுப்பு கெட்டு வருவது. இங்கே கொழுப்பே இல்லை. கெட்டுப்போனதைச் சொல்வதில் தமிழ் மிகவும் நுட்பமானது: சாம்பார் ஊசும், மாவு புளிக்கும், எண்ணெய் காறும், தலையணை சிக்கு வாடை வீசும், இறைச்சி முடை நாறும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பாட்டிமார் திருத்திவிடுவார்கள். அந்த ஒழுங்கைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

வழி அடுப்படியிலேயே கிடைத்தது. ஈர விறகில் காய்ச்சிய பாலில் புகை வாடை என்கிறோம். பொங்கல் தீய்ந்தால் அடிபிடித்த வாடை. வாடை என்ற சொல்லுக்கு முன்னால் காரணத்தை வைப்பது நமக்குப் பழகிய வழக்கம். புகையால் ஏறியது புகை வாடை என்றால், ஒளியால் ஏறியது ஒளிவாடை. வாடை என்பது வடகாற்றுக்கும் பெயர். நல்ல மணத்துக்கும் அதைச் சொல்வது உண்டு. ஆனாலும் "என்ன வாடை இது?" என்று கேட்டாலே முகம் சுளித்துத்தான் கேட்கிறார்கள் என்பது யாருக்கும் புரியும். வெயில்வாடை என்றும் யோசித்தேன். வெயில் என்றதும் நம் ஊரில் சூடுதான் மனதில் வரும். குழல்விளக்கு அதில் அடங்காது. ஆகவே ஒளிவாடை.

ஒயினுக்கு என்ன சொல்வது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒயின் என்பது அச்சில் நிலைத்துவிட்டது. தேவாலயத்தில் திராட்சரசம் என்பார்கள். தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்களுக்குத் தேறல் இருக்கிறது. தேறு என்றால் தெளிதல். கலங்கிய நீர் தெளிவதற்காகக் குடத்தின் உட்புறம் தேய்க்கும் தேற்றாங்கொட்டையும் அதே வேரில் பிறந்தது. வண்டல் அடங்கித் தெளிந்த மது தேறல். தருமபுரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லில் தனி உரிமையே உண்டு. தகடூர் என்ற பழம்பெயரோடு இந்த ஊரை ஆண்ட அதியமான் மரபில், நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவன் தனக்கு ஊற்றிக் கொடுத்ததை 'தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்' என்கிறார். தேள் கொட்டியதுபோல் கடுக்கும், நாள்பட்ட தேறல். புறநானூற்றில் 392ஆம் பாட்டு. அதே நூலின் 120ஆம் பாட்டில் கபிலர் 'நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்' என்பார். மண்ணில் புதைத்து முதிரவைத்தது. மூங்கில் குழாய்க்குள் விளைந்த தேறலும் சங்கப் பாட்டில் உண்டு. ஒளிக்கு அஞ்சித்தான் புதைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு அப்படிச் சொல்லவில்லை. மண்ணுக்கும் மூங்கிலுக்கும் உள்ளே இருட்டு என்பது மட்டும் உறுதி. கண்ணாடிக்குள் வந்த பிறகுதான் தேறலுக்கு இந்த வாடை வாய்த்தது.

'நாட்படு' என்பதிலுள்ள 'படு'வையும் எடுத்துக்கொள்ளலாம். நாள்பட்ட தேறல் போல ஒளிபட்ட தேறல். குறைக்குப் பெயர் ஒளிவாடை. குறைபட்ட பாட்டில் ஒளிபட்ட பாட்டில். இரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். இடையில் வல்லினம் மிகாது.

பாலுக்கும் இச்சொல் செல்லும். பாலில் ரைபோஃபிளேவின் ஒயினைவிட அதிகம். பன்னீர் எடுத்த பிறகு மிஞ்சும் நீரில் தெரியும் பச்சை கலந்த மஞ்சள் அதன் நிறமே. உள்ளே தெரியும் உறையில் அடைத்த பாலைக் கடைவாசலில் வெயில் பட வைத்தால் அதே கந்தக வாடை ஏறும், அந்த வைட்டமினும் குறையும். பாக்கெட் பால் வாங்குகிறவர்கள் வாசலில் கிடக்கும் பையை விட்டு, உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பீரில் நிகழ்வது சற்று வேறு. அங்கே கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப் பூவின் பொருள் உடைகிறது. பழுப்பு பாட்டில் வைத்திருப்பது அதற்காகத்தான். காரணம் ஒளி என்பதால் அதையும் ஒளிவாடை என்றே சொல்லலாம்.

மருமகன் தாளை வாங்கி, காலி இடத்தில் ஒளிவாடை என்று எழுதிக்கொண்டான். பிறகு, விருந்தினரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டான். இருவரும் சேர்ந்து ஒரு வரி அமைத்தோம். "ஐயா, இந்த பாட்டிலில் ஒளிவாடை ஏறியிருக்கிறது, உள்ளே இருட்டில் வைத்திருந்த வேறொன்றைக் கொண்டுவருகிறேன்."