கார் மைலேஜுக்கு கவர்மென்ட் ரூல் இருக்கு, ஆனா அது கேக்கறது கம்பெனிய

ஷோரூம்ல லிட்டருக்கு 20 குடுக்கும்னாங்க, கத்திப்பாரா தாண்டி ஓஎம்ஆர்ல தெனமும் ஆபீஸ் போய்ட்டு வந்தா 12 வர்றதே பெருசு, இத கவர்மென்ட் கேக்கவே கேக்காதான்னு நெறைய பேர் கேக்கறீங்க. கேக்குது, ஆனா உங்க ஒரு காருக்காக கேக்கறது இல்ல.

கஃபே (CAFE) நார்ம்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதாவது ஒரு கம்பெனியோட கார்கள் சராசரியா எவ்ளோ எரிபொருள் குடிக்கலாம்ங்கற வரம்பு, 2001 எரிசக்தி சேமிப்பு சட்டத்துக்கு கீழ வந்தது, 2017-18ல இருந்து அமல்ல இருக்கு. ஒரு கம்பெனி ஒரு நிதியாண்டுல வித்த எல்லா காரையும் சேத்து சராசரி எடுப்பாங்க, அது லிமிட்டுக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். மொத கட்டத்துல கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 2022-23ல இருந்து 113 கிராம். பெட்ரோல் கணக்குல பாத்தா 100 கிலோமீட்டருக்கு சுமார் 4.77 லிட்டர். பைக், ஸ்கூட்டர் இதுல வராது.

டெஸ்ட் நடக்கறது லேப்ல, ரோலர் மேல வண்டிய ஏத்தி, ஏசிய ஆஃப் பண்ணி ஓட்டுவாங்க. மே மாசம் ஏசி போட்டுக்கிட்டு டைடல் பார்க் சிக்னல்ல நிக்கற நமக்கு அந்த நம்பர் எப்படி வரும்?

இதுல எனக்கு உறுத்தறது எடை கணக்குதான். அந்த 4.77ங்கறது கம்பெனி வித்த கார்களோட சராசரி எடை 1,145 கிலோவா இருந்தாத்தான், அதுக்கு மேல 100 கிலோ கூடினா 0.2 லிட்டர் சலுகை, 100 கிலோ கொறைஞ்சா லிமிட்டும் 0.2 லிட்டர் கொறையும், அப்போ சராசரி 1,545 கிலோ வச்சிருக்கற கம்பெனிக்கு 5.57 லிட்டர் வரைக்கும் ஓகே, லிட்டருக்கு 18 குடுத்தா போதும். ஆனா 1,045 கிலோல சின்ன கார் செய்றவங்க கிட்டத்தட்ட 22 காட்டியாகணும். மயிலாப்பூர் சந்துல நிறுத்தற மாதிரி சின்ன வண்டி செய்றவனுக்கு கெடுபிடி, பெரிய எஸ்யூவி விக்கறவனுக்கு தளர்வு, இது நியாயமே இல்ல. இது போதாதுன்னு எலக்ட்ரிக் கார் ஒண்ணு வித்தா மூணு வித்ததா எடுத்துப்பாங்க, அந்த தைரியத்துல இன்னும் கொஞ்சம் பெட்ரோல் குடிக்கற வண்டிகள தள்ளலாம்.

மீறினா என்னன்னா, 2022 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 10 லட்சம் வரைக்கும் அபராதம், அதோட லிமிட்ட 0.2 லிட்டர் வரைக்கும் தாண்டினா வித்த ஒவ்வொரு வண்டிக்கும் 25,000, அதுக்கும் மேல போனா 50,000 ரூபா. லட்சக்கணக்குல விக்கற கம்பெனிக்கு இது சின்ன தொகை இல்ல. ஆனா அந்தக் காசு கவர்மென்ட்டுக்கு போகும், வண்டி வாங்கின நமக்கு அதுல ஒரு பைசா கெடையாது, சொன்ன மைலேஜ் வரலன்னு இந்த ரூல காட்டி டீலர்கிட்ட சண்ட போடவும் முடியாது.