சத்தமாகக் கேட்பவருக்கு முதலில் கட்டாதீர்கள்: பிரிட்டனில் கடன் மேலாண்மைத் திட்டமும் விடாமல் துரத்தும் நிறுவனங்களும்

மாதம் மிஞ்சும் பணத்தைக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கட்டும் டெட் மேனேஜ்மென்ட் பிளான் என்ற கடன் மேலாண்மைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அதைக் கைவிடுவது, நான் பார்த்தவரை, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள்தான். கையில் பணம் இல்லாததால் விடுவதில்லை. திட்டம் தொடங்கிவிட்டது, இனி போன் வராது என்று நம்பியிருப்பார்கள். ஆனால் அந்த மாதங்களில் போன் முன்பைவிட அதிகமாக வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், அதிகம் தொந்தரவு செய்யும் நிறுவனத்துக்கு ஐம்பது பவுண்டைக் கார்டில் கட்டிவிடுவார்கள். கவுன்சில் டாக்ஸுக்கென்று, அதாவது உள்ளாட்சி வரிக்கென்று ஒதுக்கிய பணம் அது.

லண்டனில் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடன் ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்துக் கட்டாதீர்கள். கட்டாவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும் என்று பார்த்துக் கட்டுங்கள்.

கவுன்சில் டாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் ஒரு நாளைக்கு ஐந்து முறை அழைப்பதில்லை. அமைதியாக ஒரு நினைவூட்டல் கடிதம் வரும். அதையும் விட்டுவிட்டால் அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதையும் ஒரே தடவையில் கேட்பார்கள். அப்புறம் மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு, சம்பளத்தில் பிடித்தம், வீட்டு வாசலில் பெய்லிஃப், அதாவது கடனுக்காகப் பொருட்களை எடுக்க வரும் அமலாக்க அதிகாரி. வேண்டுமென்றே கட்டவில்லை என்று தெரிந்தால் இங்கிலாந்தில் இன்றும் மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. வீட்டு வாடகை, மோர்ட்கேஜ், காஸ், மின்சாரம், நீதிமன்ற அபராதம், வருமான வரி எல்லாம் இதே வரிசையில் வருபவை. கிரெடிட் கார்ட், ஓவர்ட்ராஃப்ட், பெர்சனல் லோன் ஆகியவை அடுத்த வரிசை. சத்தம் வருவது இந்த இரண்டாம் வரிசையிலிருந்துதான். வீட்டையோ வெளிச்சத்தையோ பறிக்கும் அதிகாரம் உடனடியாக இல்லாததால், போன்தான் அவர்களுடைய ஆயுதம்.

கடன் மேலாண்மைத் திட்டம் இந்த இரண்டாம் வரிசைக்கானது. அவசியச் செலவும் முதல் வரிசைக் கடன்களும் போக மாதம் என்ன மிஞ்சுகிறதோ, அதைக் கடன் அளவுக்கு ஏற்றபடி எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது. கார்டில் 6,000 பவுண்ட், வங்கிக் கடன் 4,000, பொருளைத் தவணையில் வாங்கும் கேட்டலாக் கணக்கில் 2,000 என்று ஒருவருக்கு மொத்தம் 12,000 பவுண்ட் கடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 120 பவுண்ட் மிஞ்சுகிறது. கார்டுக்கு 60, வங்கிக்கு 40, கேட்டலாக்குக்கு 20. வட்டி நின்றுவிட்டால் நூறு மாதத்தில், அதாவது எட்டு வருடம் நான்கு மாதத்தில் முடியும். நிற்காவிட்டால் இன்னும் இழுக்கும். இது சட்டப்படி யாரையும் கட்டிப்போடும் ஒப்பந்தம் அல்ல. பல நிறுவனங்கள் வட்டியை நிறுத்துகின்றன. ஆனால் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திட்டம் நடக்கும்போதே நீதிமன்றம் போகவும் அவர்களால் முடியும்.

அதனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. மாதம் 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சாத, சொந்த வீடு இல்லாத, கடன் 50,000 பவுண்டைத் தாண்டாத ஒருவரை எட்டு வருடம் கட்டச் சொல்வது அநியாயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவருக்கு டெட் ரிலீஃப் ஆர்டர் என்ற வழி இருக்கிறது. சொத்துக்கும் வாகனத்துக்கும் வரம்பு உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு வருடம் கழிந்தால் அதில் அடங்கிய கடன்கள் தள்ளுபடியாகும். ஆலோசகர் இதைப் பற்றிப் பேசாமல் நேராகத் திட்டத்துக்குப் போனால், நீங்களே கேளுங்கள்.

சரி, திட்டம்தான் பொருத்தம் என்று முடிவாகிவிட்டது. முதல் வேலை, கடன் எதுவும் இல்லாத ஒரு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கிச் சம்பளத்தையும் அரசு உதவித் தொகையையும் அங்கே மாற்றுவது. கார்டும் ஓவர்ட்ராஃப்டும் இருக்கும் அதே வங்கியில் சம்பளம் விழுந்தால், அங்கே பாக்கியுள்ள கடனுக்காக வங்கியே அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். திட்டத்தின் முதல் மாதத்திலேயே வாடகைப் பணம் அப்படிப் போய்த் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்டு எண்ணை வைத்துத் தானாகப் பணம் எடுக்கும் அனுமதிகள் எங்காவது இருந்தால் அவற்றையும் நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும்.

மூச்சுவிட அவகாசம் வேண்டுமென்றால் பிரீதிங் ஸ்பேஸ் இருக்கிறது. 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ளது. 60 நாட்களுக்கு, அதில் சேர்த்த கடன்களுக்கு வட்டி ஏறாது, பணம் கேட்டுத் தொடர்புகொள்ளக் கூடாது, பெய்லிஃப் வரக் கூடாது. நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, கடன் ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஒரு முறைதான் கிடைக்கும். நடப்பு வாடகையையும் நடப்பு கவுன்சில் டாக்ஸையும் அந்த நாட்களிலும் கட்டிவர வேண்டும். கடும் மனநல நெருக்கடியில் சிகிச்சை பெறுபவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அது சிகிச்சை முடிந்து 30 நாள் வரை நீளும்.

இனி போன் விஷயம். நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, போனை எடுக்கவே மாட்டார்கள், கடிதத்தைப் பிரிக்கவும் மாட்டார்கள். அல்லது எடுத்து, அந்தப் பக்கம் சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டி, கட்ட முடியாத தொகையை ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. ஒப்புக்கொண்டதைக் கட்ட முடியாமல் போகும். அடுத்த அழைப்பில் 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்பார்கள்.

போனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பேச வேண்டியது இவ்வளவுதான்: 'நான் கடன் ஆலோசனை பெறுகிறேன். என் வரவு செலவுக் கணக்கு எழுத்தில் வரும். இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள்.' பிறகு அதையே கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது அழைத்தார், என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏவின் விதிகள் இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். எப்போது, எங்கே அழைக்கலாம் என்று நீங்கள் நியாயமாகக் கேட்டதை அவர்கள் புறக்கணிக்கக் கூடாது. கடன் விவரத்தை மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. இல்லாத அதிகாரம் இருப்பதுபோல நடிக்கக் கூடாது.

என்னிடம் வந்த ஒரு பெண் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவர். வசூல் நிறுவனம் ஒன்று வேலையிடத்துக்கு அழைத்து, எதற்காக என்று மேலாளரிடமே சொல்லிவிட்டது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் தங்கையிடம் கைமாற்று வாங்கிக் கட்டத் தயாராக இருந்தார். நாங்கள் பணம் கட்டவில்லை, புகார் எழுதினோம். கொப்பியில் இருந்த தேதியும் நேரமும் அதில் போயின. அழைப்பு நின்றது, மன்னிப்புக் கடிதமும் வந்தது. புகாருக்கு இறுதிப் பதில் தர நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம். பதில் வராவிட்டாலும், வந்தது திருப்தி இல்லை என்றாலும் நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்த பிறகு அதற்கு ஆறு மாதம் இருக்கிறது. மிரட்டியும் அவமானப்படுத்தியும் பணம் கேட்பது 1970ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி குற்றமே.

வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வசூல் நிறுவன ஆள் வேறு, பெய்லிஃப் வேறு. முதலாமவருக்கு உங்களைவிட அதிக அதிகாரம் எதுவும் இல்லை. போகச் சொன்னால் போக வேண்டும். பெய்லிஃப் நீதிமன்ற அதிகாரத்தோடு வருபவர். ஆனால் அவரும் முன்கூட்டியே அறிவித்துத்தான் வர வேண்டும். கவுன்சில் டாக்ஸுக்கு வரும் பெய்லிஃப் முதல் முறை கதவை உடைத்து நுழைய முடியாது. கதவைத் திறக்காமல், ஜன்னலையும் சாத்திவிட்டு, உள்ளிருந்தே பேசுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இத்தனைக்கு நடுவில் ஒரே ஒரு வகைக் கடிதத்துக்கு உடனே பதில் போட்டாக வேண்டும். வழக்குத் தொடரப்போவதாக லெட்டர் ஆஃப் கிளெய்ம் வந்தால் பதிலுக்கு 30 நாள். நீதிமன்றத்தின் கிளெய்ம் ஃபார்மே வந்துவிட்டால், அது வந்து சேர்ந்ததாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாள். திட்டத்தில்தானே இருக்கிறேன், ஆலோசனை அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கடன் உண்மையென்றால் ஒப்புதல் படிவத்தில் வரவு செலவை நிரப்பி, திட்டத்தில் கட்டும் அதே தொகையைக் கட்ட முன்வாருங்கள். பதில் போகாவிட்டால் முழுத் தொகையையும் உடனே கட்டும்படி தீர்ப்பு வந்துவிடலாம். சொந்த வீட்டுக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தத் தீர்ப்பை வைத்து, வீட்டின் மேல் கடனைப் பதியும்படி வழக்குப் போட்ட நிறுவனம் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

தவணை தவறியதாக நிறுவனம் அனுப்பும் டிஃபால்ட் நோட்டீஸைப் பார்த்துப் பலர் அழுதிருக்கிறார்கள். அது வழக்கு அல்ல. டிஃபால்ட் பதிவு ஆறு வருடத்தில் கிரெடிட் ஃபைல் என்ற உங்கள் கடன் வரலாற்றுப் பதிவிலிருந்து போய்விடும், கடன் கட்டி முடிந்தாலும் முடியாவிட்டாலும். எப்படியும் பல வருடத் திட்டம் என்றால், அது தாமதமாக வருவதைவிட ஆரம்பத்திலேயே வருவது நல்லது.

நம் குடும்பங்களுக்கே உரிய சில விஷயங்கள் இருக்கின்றன. ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் காசை வரவு செலவுக் கணக்கில் மறைக்கிறார்கள். மறைத்தாலும் அனுப்பத்தான் போகிறார்கள், மாத நடுவில் கணக்கு இடிக்கும். எவ்வளவு, யாருக்கு, ஏன் என்று சொல்லுங்கள். மருந்துச் செலவு போன்ற காரணத்தை நாங்கள் எழுதி வாதாட முடியும், தொகையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தாலும். சீட்டுக் கட்டுவதையும் அப்படியே சொல்லுங்கள். வட்டிக்குக் காசு கொடுக்கும் தெரிந்தவர் எஃப்சிஏ அனுமதி இல்லாமல் அதைத் தொழிலாகச் செய்தால், குற்றம் செய்வது அவர், வாங்கிய நீங்கள் அல்ல. மிரட்டினால் இங்கிலாந்தில் ஸ்டாப் லோன் ஷார்க்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. பாஸ்போர்ட்டையோ வங்கிக் கார்டையோ ஈடாக வாங்கி வைத்திருந்தால் அன்றே சொல்லுங்கள்.

கணவர் பெயரில் மட்டும் உள்ள கார்டுக்கு மனைவி பொறுப்பல்ல, மனைவியின் கடனுக்குக் கணவரும் அல்ல. இருவர் பெயரிலும் உள்ள கடனில் நிலைமை வேறு. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம்.

ஃபேஸ்புக்கில் வரும் 'அரசுத் திட்டம், கடனில் பெரும்பகுதி தள்ளுபடி' விளம்பரங்களை நம்பி விவரம் கொடுக்காதீர்கள். கமிஷனுக்காக ஆளை ஐவிஏ என்ற, சட்டப்படி கட்டிப்போடும் கடன் ஒப்பந்தத்துக்குத் தள்ளிவிட்ட நிறுவனங்களின் பரிந்துரைக் கட்டணத்தை எஃப்சிஏ 2023இல் தடைசெய்தது. ஆனாலும் விளம்பரங்கள் நிற்கவில்லை. ஸ்டெப்சேஞ்ச், பேபிளான் இரண்டும் கடன் மேலாண்மைத் திட்டத்தை உங்களிடம் கட்டணம் வாங்காமல் நடத்துகின்றன. நேஷனல் டெட்லைனும் சிட்டிசன்ஸ் அட்வைஸும் இலவசமாக ஆலோசனை சொல்கின்றன. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே டெட் அரேஞ்ச்மென்ட் ஸ்கீம் என்று சட்டப் பாதுகாப்போடு கூடிய திட்டமே இருக்கிறது.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால், அழைத்த உடனே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்து வசூல் நிறுவனத்தோடு பேச வைக்காதீர்கள். முதல் சந்திப்புக்கு வரும்போது மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வந்த எல்லாக் கடிதங்கள், பிரிக்காதவை உட்பட, கொண்டுவாருங்கள். வேலையைத் தொடங்க இவை போதும்.