ஊருக்குள் போய்ச் சேர்ந்தது எந்தச் சொல்?

பழைய கட்சி நாளேட்டைப் புரட்டி, 'மக்களிடம் இப்படிச் சொன்னார்கள்' என்று எழுதிவிடுவது ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு. அச்சானது ஒன்று, ஊருக்குள் போனது வேறொன்று.

ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சி 1926 நவம்பர் 3 அன்று லின்ஸ் நகரில் ஏற்ற திட்டத்தைப் பாருங்கள். வாக்குச்சீட்டு வழியாகவே ஆட்சி என்கிறது. கூடவே, முதலாளி வர்க்கம் பொருளாதாரத்தைத் திட்டமிட்டு முடக்கினாலோ, கலகம் செய்தாலோ, அந்நிய எதிர்ப்புரட்சிச் சக்திகளோடு சதி செய்தாலோ, சர்வாதிகார வழியில் அதை முறியடிக்க வேண்டிவரும் என்கிறது. எதிரணி மூன்று 'ஆலோ'வையும் கழற்றிப்போட்டுவிட்டு, 'சர்வாதிகாரம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த அணியான கிறிஸ்தவ சமூகக் கட்சியின் தலைவர் இக்னாஸ் சைப்பல் கத்தோலிக்கப் பாதிரியார் வேறு. அதே திட்டம் மதத்தைத் தனிநபர் விஷயம் என்றது. சமூக ஜனநாயகக் கட்சியின் 1925 விவசாயத் திட்டம் உழவர் நிலத்தில் கைவைக்க மாட்டோம் என்றது. அவற்றை எதிரணி ஏன் பரப்பப் போகிறது?

1927இல் இன்னும் மோசம். ஷாட்டன்டார்ஃப் என்ற ஊரில் சமூக ஜனநாயகக் கட்சியினரின் ஊர்வலத்தில் இருவரைச் சுட்டுக்கொன்ற வலதுசாரிகள் ஜூலை 14 அன்று விடுதலையானார்கள். மறுநாள் காலை கட்சி நாளேடான 'அர்பைட்டர் சைட்டுங்'கில் ஆசிரியர் ஆஸ்டர்லிட்ஸ் அனல் பறக்கும் தலையங்கம் எழுதினார். ஊர்வலம் நடத்தும் திட்டமே கட்சித் தலைமையிடம் இல்லை. தொண்டர்கள் தாமே திரண்டார்கள், வியன்னாவின் நீதி மாளிகை எரிந்தது, 89 பேர் இறந்தார்கள். வேலைநிறுத்தத்தால் கட்சியின் வழக்கமான நாளேடும் வரவில்லை. பேச வேண்டிய நேரத்தில் வாய் மூடிக்கிடந்தது என்றுதான் சொல்வேன்.

எளிய வாசகருக்கென்று அதே ஆண்டு மார்ச் 1இல் கட்சியின் இன்னொரு நாளேடான 'தாஸ் க்ளைனே ப்ளாட்' தொடங்கியது: சிறிய அளவு, நிறையப் படங்கள். 1930 முதல் அதில் வந்த சித்திரத்தொடரில் சைஷர்ல் என்ற அசட்டு மனிதர் உளறுவார். அவருடைய நாய் புத்திசாலி. பேச்சு முழுக்க வியன்னா வழக்கு. நகரத்தில் எடுபட்ட அந்த நக்கல் மேற்கு ஆஸ்திரியாவின் டிரோல் மலைக்கிராமத்தில் எத்தனை பேருக்குச் சிரிப்பு மூட்டியிருக்கும்?

எனவே கட்சி ஏட்டைத் தனியாகப் படிக்காதீர்கள். எதிரணியின் நாளேடான 'ரைக்ஸ்போஸ்ட்'டின் அதே தேதி இதழை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த ஒரு வாரம் எந்தச் சொல் மேற்கோளாகத் திரும்புகிறது என்று குறியுங்கள். இன்னொன்று: இவை பழைய ஜெர்மன் கோத்திக் அச்சு. நீளமான 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடும். தேடலில் ஒரு சொல் கிடைக்காவிட்டால் 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எஃப்' போட்டு மறுபடி தேடுங்கள். அதற்குப் பிறகு 'இந்தச் சொல்லை அவர்கள் பயன்படுத்தவே இல்லை' என்று எழுதலாம்.