ஐந்து விநாடி பொறுக்க முடியாத ஆசிரியர்

திருகோணமலையில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் கைப்பேசியை மேசையில் வைத்து, 40 நிமிடப் பாடவேளையை முழுமையாக ஒலிப்பதிவு செய்தேன். வீட்டில் போட்டுக் கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. கேள்வி கேட்கிறேன், பிள்ளைகள் மூச்சு விடுவதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். நான் விட்டுவைத்தால் முன்வாங்கில் இருக்கும் அதே இரண்டு பேர் சொல்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் வெறும் பார்வையாளர்கள்.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஒரு விநாடியளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

மூன்று விநாடி என்ன பெரிய விடயமா என்று தோன்றும். கரும்பலகைக்கு முன் நின்று பாருங்கள், அது ஒரு யுகம். நான் மனதுக்குள் ஐந்துவரை எண்ணப் பழகினேன்.

மிதத்தல் பாடம் நடந்தது. மகாவலி ஆறு கொட்டியாரக் குடாவில் கடலுடன் கலக்கும் இடத்தை வரைந்து, "கடலில் நிற்கும் வள்ளம் ஆற்றுக்குள் வந்தால் தாழுமா, உயருமா?" என்று கேட்டேன். முன்வாங்குக் கைகள் உடனே உயர்ந்தன. பொறுக்கச் சொல்லிவிட்டு எண்ணினேன். கடைசி வாங்கில், காலையில் தகப்பனுடன் வலை இழுத்துவிட்டு வந்து தூங்கி விழும் ஒருவன் தலையை நிமிர்த்தி, "கடல் தூக்கும் சேர், ஆறு தூக்காது" என்றான். நீந்திப் பார்த்தவனின் பதில். அவன் சொன்ன 'தூக்கும்' என்ற சொல்லிலிருந்தே மேலுதைப்பை, அதாவது நீர் பொருளை மேல்நோக்கித் தள்ளும் விசையை, தொடங்கினேன். கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்குச் சுமார் 1025 கிலோகிராம், நன்னீருக்கு 1000. அந்த வித்தியாசத்தால் வள்ளம் ஆற்றில் சற்றுத் தாழும். அதற்குப் பிறகு ஆர்க்கிமிடிஸ் வந்தார். வழமையாக அவரைத்தான் முதலில் அழைப்பேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதில் தெரியாத பிள்ளையை எழும்பி நிற்கவைத்து எண்ணுவது காத்திருத்தல் அல்ல, தண்டனை. அப்படி நின்றவன் அந்தத் தவணை முழுவதும் வாய் திறக்க மாட்டான்.

கொப்பி திருத்துவதிலும் ஒரு மாற்றம் செய்தேன். புள்ளி போடாமல், எந்த இடத்தில் பிழைத்தது, அடுத்து எதைச் செய்து பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி மட்டும் எழுதுகிறேன். புள்ளி இருந்தால் பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுகிறது. பிரத்தியேக வகுப்புகளில் புள்ளிக் கணக்கிலேயே வளரும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை; பெற்றோருக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஒரு தகப்பன் பாடசாலைக்கே வந்துவிட்டார். மகளின் கொப்பியை விரித்து ஒவ்வொரு குறிப்பையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், கொப்பியை மூடினார்.

"எல்லாம் சரி சேர், இதற்கு எத்தனை புள்ளி?"