குளிர் ஊருக்குத்தான், அண்டாவுக்கு இல்லை

மார்கழி பிறந்துவிட்டால் உதகையில் அடுப்பு அணைவதே இல்லை. காலையில் மிளகு தூக்கலாகப் போட்ட வெண்பொங்கல், மதியம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும், இரவில் கொள்ளு ரசம். விடியும்போது தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் ஆவி பறக்கும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிற சுகத்தை இங்கே இருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. நானும் இதே சாப்பாட்டில் வளர்ந்தவள்தான். இன்றைக்கும் இதைத்தான் சாப்பிடுகிறேன். யாரிடமும் இதை விடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இருபது வருடமாக இந்த ஊரில் கிளினிக் நடத்துகிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரே மாதிரி ஒரு கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் வயிற்றுப்போக்கு. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "வெளியில எதுவும் சாப்பிடல டாக்டரம்மா, வீட்டுச் சாப்பாடுதான். வயித்துல குளிர் இறங்கிடுச்சு" என்பார்கள்.

போன குளிர்காலத்தில் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பெரிய அண்டா நிறைய ஆட்டுக்கால் பாயா வைத்திருக்கிறார்கள். நாலு மணி நேரம் விறகடுப்பில் கொதித்த பாயா. கொதித்து முடிந்ததும் மூடி போட்டு, தணல் இருக்கிற அடுப்பிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் லேசாகச் சூடு காட்டி இடியாப்பத்துக்கு ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஒன்பது பேர் சாப்பிட்டதில் ஏழு பேருக்கு ராத்திரி பதினோரு மணியிலிருந்து வயிற்றை முறுக்கிப் பிழிகிற வலி, தண்ணீராகப் போக்கு. காய்ச்சல் இல்லை, வாந்தியும் இல்லை. மற்றவர்கள் மறுநாளே எழுந்துவிட்டார்கள். வீட்டுப் பாட்டிக்கு மட்டும் முடியவில்லை. எழுபத்து நாலு வயது, ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர். உட்கார வைத்தால் தலை சுற்றிச் சாய்ந்தார். நாடி கைக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. இரண்டு பாட்டில் சலைன் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்து பேசினார். பேசியதும் சொன்ன முதல் வார்த்தை: "பாயாவுல ஒண்ணும் இல்லம்மா. நாந்தான் வச்சேன். இந்தக் குளிருக்கு எது கெடும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குளிர் ஊருக்குத்தான். மூடி போட்ட அண்டாவுக்குள் குளிர் கிடையாது. எனக்கே இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றி, ஒரு ஜனவரி இரவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பத்து லிட்டர் சாம்பாரை இறக்கி, மூடி, நடுவில் தெர்மாமீட்டர் செருகி வைத்தேன். சமையலறையில் 12 டிகிரி, ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. எட்டு மணிக்கு இறக்கியது. பத்து மணிக்கு 64 டிகிரி. பன்னிரண்டு மணிக்கு 46. இரண்டு மணிக்கு 34. காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோதும் 24 டிகிரியில்தான் இருந்தது. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது, நடுவில் கரண்டியை விட்டால் வெதுவெதுப்பு. அடியில் தணலும் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் நீளும்.

60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை கிருமி வளராது. 5 டிகிரிக்குக் கீழே போனாலும் பெரும்பாலானவை அடங்கிக் கிடக்கும். இடையில் உள்ளதுதான் ஆபத்தான இடம். என் சாம்பார் அந்த இடத்துக்குள் பத்தரை மணி வாக்கில் இறங்கியது, விடியும் வரை அங்கேயே இருந்தது.

நாலு மணி நேரம் கொதித்ததே, அதில் கிருமி சாகாதா? சாகும். ஆனால் சில கிருமிகள் தங்களைச் சுற்றி ஒரு கெட்டி ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி உறங்கிவிடும். கொதிக்கிற தண்ணீர் அந்த ஓட்டை உடைக்காது. பாயா, கறிக்குழம்பு விஷயத்தில் பெரும்பாலும் வருவது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். மண்ணிலும் ஆடு மாடுகளின் குடலிலும் இருப்பது. மண்ணில் நடந்த காலைத்தானே சுட்டுச் சுரண்டிக் குழம்பில் போடுகிறோம். இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. நாம் கொதிக்க வைக்கும்போது குழம்பில் கரைந்திருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடுகிறது. மேலே கொழுப்பு ஏடு கட்டி மூடிவிடுகிறது. அதற்கு இதைவிட வசதியான வீடு வேண்டுமா? 43 முதல் 47 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது அது. ஆயிரம் கிருமி இரண்டே மணி நேரத்தில் நாற்பது லட்சம் ஆகிவிடும். மணமும் மாறாது, ருசியும் மாறாது. கெட்டிருந்தால் மூக்குக்குத் தெரிந்திருக்குமே என்று பாட்டி சொன்னது, ஐம்பது வருட அனுபவத்தில் சொன்னது. ஆனால் மூக்குக்குத் தெரிகிற கிருமிகள் வேறு, இது வேறு.

சாப்பிட்டு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி ஆரம்பிக்கும். அதனால்தான் யாரும் மதியச் சாப்பாட்டை நினைப்பதில்லை. ராத்திரி வீசிய பனிக்காற்று மேல் பழி விழுகிறது.

மறுநாள் நன்றாகச் சூடு பண்ணியிருந்தால் இந்தப் பாயா யாரையும் ஒன்றும் செய்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பெருகிய கிருமிகள் தளதளவென்று கொதித்தால் செத்துவிடும். ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்குவதில்தான் தப்பு இருக்கிறது. அடிப்பகுதி சுடும், நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கலக்கிக் கலக்கி, முழுவதும் கொதிக்க விட வேண்டும்.

ஆனால் சோற்று விஷயத்தில் இந்த நம்பிக்கை வேண்டாம். அரிசியோடு வருவது பேசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் இது வாந்தி வரவைக்கும் நச்சை அந்தச் சோற்றிலேயே சுரந்து வைத்துவிடும். அந்த நச்சைச் சூடு ஒன்றும் செய்யாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. அப்புறம் நம் தாளிப்புச் சட்டி என்ன செய்யும்? முந்தின ராத்திரிச் சோற்றை ஹாட்பாக்ஸிலேயே வைத்திருந்து, காலையில் எலுமிச்சை பிழிந்து தாளித்துப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பார்கள். பதினோரு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளையை ஒரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வாந்தியோடு தூக்கி வருவார்கள். ஹாட்பாக்ஸ் இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் ஹாட்பாக்ஸ். அதற்குப் பிறகு அது கிருமிக்கு மெத்தை. வயதானவர்களுக்கு ராத்திரியே கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றித் தலைமாட்டில் வைத்து, காலையில் கொடுப்பதும் இதே கதைதான். காலையில் எழுந்து புதிதாக ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சப் பத்து நிமிடம் போதும்.

இதைச் சொன்னால் உடனே எல்லோரும் கேட்பது: "அப்போ பழைய சோறு? தாத்தா காலத்துல இருந்து அதைத்தானே குடிக்கிறோம்?" நியாயமான கேள்வி. பழைய சோற்றில் நடப்பது வேறு. சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றுகிறோம், சூடு இறங்கிவிடுகிறது. சமவெளியின் உஷ்ணத்தில் நல்ல நுண்ணுயிர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அதைப் புளிக்க வைத்துவிடுகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி தலையெடுக்க முடியாது. புளிப்புதான் காவல். எங்கள் ஊர்க் குளிரில் விடியும் வரை சோறு புளிப்பதே இல்லை, மாவே இரண்டு நாள் பொங்காமல் கிடக்கிறது. காவலுக்கு ஆள் வராத பழைய சோற்றை நான் இங்கே மார்கழியில் குடிக்கச் சொல்வதில்லை. சித்திரையில் மதுரையில் இருந்தால் நானே முதல் ஆளாகக் குடிப்பேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இதற்குக் காசு செலவு எதுவும் இல்லை. மிச்சமாகப் போவது தெரிந்தால் படுக்கப் போகும் முன் அண்டாவைக் காலி பண்ணுங்கள். அகலமான தட்டு, தாம்பாளம், பேசின், எது கிடைத்தாலும் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிப் பரப்புங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கையை மரக்க வைக்குமே, அதை ஒரு பெரிய தொட்டியில் பிடித்து அதற்குள் பாத்திரத்தை வைத்துக் கரண்டியால் கிண்டிக்கொடுங்கள். அரை மணி நேரத்தில் ஆவி அடங்கிவிடும். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று ராத்திரி முழுக்க வெளியே ஆறவிடாதீர்கள். ஆவி அடங்கி வெதுவெதுப்பாக இருந்தாலே உள்ளே வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகள் இங்கே இன்னும் நிறைய உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒருவேளைக்கு ஆகிற அளவு வையுங்கள். அண்டா விருந்து என்றால் அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

எடுத்துச் சாப்பிடும்போது, அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்துச் சூடு பண்ணுங்கள். முழுவதையும் மூன்று முறை சூடாக்கி மூன்று முறை ஆறவைத்தால், மூன்று முறை கிருமிக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம்.

மலையூரில் சமைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. பருப்பு, கொட்டை வகைகள் வேகாமல் படுத்துவது இதனால்தான். அவரைக்கு இது வெறும் நேரச் செலவு. சிவப்பு ராஜ்மாவுக்கு அப்படி இல்லை. சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற பொருள், நாலைந்து கொட்டை உள்ளே போனாலே ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியைக் கொண்டுவந்துவிடும். சமவெளியிலிருந்து வந்து காட்டேஜ் எடுத்துத் தங்கி, மெதுவாக வேகட்டும் என்று சின்னத் தீயில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வையுங்கள். குக்கருக்குள் நம் ஊரிலும் சூடு 115 டிகிரியைத் தாண்டிவிடும். விரலால் நசுக்கினால் வெண்ணெயாக மசிய வேண்டும்.

அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் முடிந்த தணலைக் கரிச்சட்டியில் அள்ளி, படுக்கிற அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. லேசாகத் தலைவலிக்கும், தூக்கம் அழுத்தும், அவ்வளவுதான் தெரியும். மலையூர்களில் இப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. கணப்பு வேண்டுமென்றால் வெளித் திண்ணையோடு போகட்டும்.

வயிற்றுப்போக்கு வந்தே விட்டால் முதல் மருந்து தண்ணீர். குளிரில் தாகம் எடுக்காது, அதை நம்பி இருக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்கி, எவ்வளவு தண்ணீர் என்று உறையில் போட்டிருக்கிறதோ அதே அளவில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைக்கக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் விழுங்காதீர்கள், இந்த வகைக்கு அது தேவையே இல்லை. மலத்தில் ரத்தம், காய்ச்சல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, எழுந்தால் தலைசுற்றுவது, இதில் எது இருந்தாலும் உடனே வாருங்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போக்கு ஆரம்பித்த அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நாளில் சில மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். பாட்டிக்கு அன்றைக்கு அவ்வளவு முடியாமல் போனதற்கு, போக்கோடு சேர்ந்து வழக்கம்போல விழுங்கிய அந்த மாத்திரையும் ஒரு காரணம்.

பாட்டி பொங்கல் கழிந்து ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். 130க்கு 80, நன்றாக இருந்தது. எழுந்து போகும்போது பையிலிருந்து ஒரு சின்னத் தூக்குவாளியை எடுத்து மேஜையில் வைத்தார். திறந்தால் அவரைக்கொட்டைக் குழம்பு, ஆவி கண்ணாடியில் படிந்தது.

"காலையில ஆறு மணிக்கு வச்சது, டாக்டரம்மா. மத்தியானம் வரைக்கும் வச்சிருக்காதீங்க. இப்பவே சாப்பிடுங்க."

வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டேன்.