கிளிப் எப்போது கழற்றுவீர்கள், டாக்டர்?

"ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம், அதற்குள் பல்லை உள்ளே தள்ளிவிட முடியுமா?" என்று வைகாசியில் வந்து கேட்பவர்கள் உண்டு. எத்துப்பல்லைக் கிளிப் போட்டுச் சரிசெய்ய மூன்று மாதம் போதாது. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும்.

"கம்பியைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவிடுங்களேன்" என்பது அடுத்த யோசனை. பல் எலும்புக்குள் நிற்கிறது. அது போகும் பக்கம் எலும்பு கரைய வேண்டும், விட்டுவந்த பக்கம் புது எலும்பு ஊற வேண்டும். அழுத்தம் அளவுக்கு மீறினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து பல் நகராமல் அப்படியே நின்றுவிடும். வேரின் நுனி கரையவும் கூடும். மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. நகர்ந்தால் நல்ல வேகம். இடம் வேண்டிச் சிலருக்கு எடுக்கும் சிறு கடைவாய்ப் பல்லின் அகலம் ஏறக்குறைய 7 மி.மீ. அந்த இடைவெளி மூடவே எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"நல்ல பல்லை எதற்கு எடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. எல்லோருக்கும் எடுப்பதில்லை. எக்ஸ்ரேவும் பல் அச்சும் பார்த்து, தாடையில் இடம் போதவில்லை அல்லது முன்பற்களைப் பின்னால் கொண்டுவர இடம் வேண்டும் என்றால்தான் எடுக்கிறோம். கூடவே வரும் பாட்டி, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பார். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஒன்றை எடுப்பதால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது.

அவசரக்காரர்களை இழுப்பது 'ஒரே வாரத்தில் வரிசைப் பல்' என்ற பேச்சு. பல்லைச் சீவி, பல நேரம் வேர் சிகிச்சையும் செய்து, மேலே கேப் மாட்டுவதுதான் அது. பல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். சீவிய எனாமல் திரும்ப வளராது, கேப்பையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். உடைந்த பல், கறுத்த பல் என்றால் சரி. சொத்தையே இல்லாத இருபது வயதுப் பல்லில் நான் கை வைக்க மாட்டேன்.

வயது? ஏழு வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்போதே கிளிப் போட அல்ல. விரல் சூப்பும் பழக்கம், கீழ்த்தாடை முந்தி நிற்பது போன்றவற்றை அப்போதே பார்த்துவிடலாம். நாற்பதிலும் கிளிப் போடலாம், ஈறும் எலும்பும் உறுதியாக இருந்தால். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

வலி முதல் மூன்று நான்கு நாள்தான். ரசம் சாதம், தயிர் சாதத்தில் ஓட்டிவிடலாம். கம்பி கன்னத்தில் குத்தினால் நாங்கள் கொடுக்கும் மெழுகை உருட்டி ஒட்டுங்கள். முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு வேண்டாம். தீபாவளி முடிந்த வாரம் எங்களுக்கு வேலையே கழன்ற பிராக்கெட்டை, அதாவது கம்பியைப் பிடித்திருக்கப் பல்லில் ஒட்டும் சிறு வில்லையை, திரும்ப ஒட்டுவதுதான். அது கழன்று கிடந்த நாட்களெல்லாம் சிகிச்சை தள்ளிப்போகிறது. சரியாகத் துலக்காதவர்களுக்குக் கிளிப்பைக் கழற்றியதும் ஒன்று தெரியும்: பிராக்கெட் இருந்த சதுரம் மட்டும் பளிச்சென்று இருக்கும், அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு. சொத்தையின் தொடக்கம் அது.

கம்பி தெரியக் கூடாது என்பவர்களுக்கு அலைனர் உண்டு, பல்மேல் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை அது. ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். கழற்றி வைத்தே பழகியவர்களுக்கு அது வெறும் செலவு.

அப்புறம், யாருமே கேட்காத கேள்வி: கழற்றிய பிறகு என்ன? நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். அதனால்தான் ரிட்டெய்னர், பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும், கழற்றி மாட்டும் கருவி. முதல் சில மாதம் சாப்பிடும்போது தவிர முழு நேரமும், பிறகு ஆண்டுக்கணக்கில் இரவில். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி வைக்காதீர்கள், இலையோடு குப்பைக்குப் போய்விடும், டப்பாவில் போடுங்கள். தொலைந்தால் அந்த வாரமே வந்து புதிதுக்கு அளவு கொடுங்கள்.